முயலுக்கு முந்தின நாள்

எங்கள் முதலாளி எந்தக் கதையையும் நேராகச் சொன்னதில்லை. தாகமெடுத்த காக்கை பானையில் கல் போட்ட கதை இருக்கிறதே, பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த கதை, அதை அவர் பானையின் கோணத்திலிருந்து சொல்வார். "நான் ஒரு பானை. என் வயிற்றில் ஒவ்வொரு கல்லாக விழுகிறது. என்னிடம் யாராவது அனுமதி கேட்டீர்களா?" என்று கண்ணை மூடிக் குரல் நடுங்க ஆரம்பித்தால், கூட்டத்தில் நாலு பேராவது மூக்கை உறிஞ்சுவார்கள். பானைக்காக அழுகிற பெரிய மனிதர்களை நான் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். பூனைகளுக்கு ரொட்டி பங்கு வைத்த குரங்கின் கதையைத் தராசின் கோணத்தில் சொன்னார். விறகுவெட்டியின் கோடரி ஆற்றில் விழுந்த கதையை ஆற்றின் கோணத்தில் சொல்லி, விழுந்த இடத்தில் தனக்கு இன்னும் வலிப்பதாகச் சொன்னார். ஆற்றுக்கு வலிக்கிறதாம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வங்கி அதிகாரிகள்; ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

அதனால் அவருக்குக் கோணம் என்று பெயர். வைத்தவள் நான். அவருக்கு முன்னால் 'சார்', அவர் முதுகுக்குப் பின்னால் 'கோணம்'. பழங்கதைகளைப் புதுவிதமாகச் சொல்லி, அலுவலகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஒருநாள் பட்டறை நடத்துவது எங்கள் தொழில். பழைய கள், புது மொந்தை. மொந்தையைச் செய்வது, அதாவது எழுதிக் கொடுப்பது, நான். அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவது அவர்.

எங்கள் அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. நாற்காலியே கிடையாது. தரையில் கலர் கலராகத் திண்டுகள் போட்டிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்தால் மனசு விறைத்துவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. வருகிற மேலாளர்கள் தொப்பையைத் தூக்கிக்கொண்டு திண்டில் இறங்குவார்கள்; பேச்சு முடிந்ததும் எழுந்திருக்கச் சுவரைத் தேடுவார்கள். அந்த ஒரு காட்சிக்காகவே நான் அங்கே வேலை பார்த்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒருநாள் மெத்தைத் தொழிற்சாலையிலிருந்து எச்.ஆர். மேலாளர் வந்தார். அவரைப் பற்றி நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். என் அண்ணி வேலை பார்ப்பது அங்கேதான். பேச்சு மெத்தென்று இருக்கும் என்பதால் அவருக்கு அங்கே பஞ்சு என்று பெயர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகம். உட்கார்ந்ததும் திண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "நுரை மட்டம்," என்றார், வருத்தத்தோடு.

அப்புறம் விஷயத்துக்கு வந்தார். "ஆர்டர் குறைஞ்சிருச்சு சார். ஆளைக் குறைக்கணும். ஒரேயடியா அனுப்பினா சத்தம் வரும். அதனால மாசா மாசம் பிரிவுக்கு ஒருத்தரா போகட்டும்னு முடிவு. யாருன்னு நாங்க சொல்லப்போறதில்ல. அவங்களே முன்வரணும்."

"அவங்களே ஏன் முன்வரணும்?" என்று கேட்டேன்.

"நாங்க அனுப்பினா நஷ்டஈட்டுக் கணக்கு வேற. தானா போனா வேற." அதைச் சொல்லும்போது இன்னும் மென்மையாகிவிட்டார். "வேலை நீக்கம்ங்கிற வார்த்தை எங்கயும் வரக்கூடாதும்மா. 'முறை'ன்னு சொல்லிக்கலாம். சின்ன வயசுல ஒரு சிங்கக் கதை கேட்டிருக்கேன். காட்டுல மிருகங்க எல்லாம் கூடிப் பேசி, சிங்கம் கண்டபடி வேட்டையாட வேண்டாம், தினம் முறை வச்சு ஒருத்தரா வர்றோம்னு ஒத்துக்கும். எவ்வளவு ஒற்றுமை பாருங்க! அடிதடி இல்ல, கலவரம் இல்ல. அதை வச்சு ஏதாவது..."

நான் கோணத்தைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கண்ணை மூடிவிட்டார். "சிங்கத்தின் கோணம்," என்றார் மெதுவாக.

"அதுக்கப்புறம் அந்தக் கதையில என்ன ஆகும்னு ஞாபகம் இருக்கா சார்?" என்று பஞ்சுவைக் கேட்டேன்.

"அதுக்கப்புறம் எதுக்கும்மா? நமக்கு ஒப்பந்தம் வரைக்கும் போதும். மிச்சத்தை வெட்டிருங்க. நாங்க நுரையை அளவுக்கு வெட்டறதில்லையா, அது மாதிரி."

அந்தக் கதை எப்படி முடியும் என்று தெரியாத ஆள் உண்டா? ஒருநாள் முயலின் முறை வருகிறது. முயல் வேண்டுமென்றே தாமதமாகப் போகிறது. வழியில் இன்னொரு சிங்கம் மறித்தது என்று புளுகுகிறது. எங்கே அவன் என்று கேட்ட சிங்கத்தைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போகிறது. சிங்கம் தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துக் கோபத்தில் பாய்ந்து சாகிறது. ஒரு தொழிற்சாலையின் முழு ஆட்களையும் உட்கார வைத்து, முதலாளி கிணற்றில் விழுகிற கதையைத் தன் செலவில் சொல்லச் சொல்கிறான் ஒரு மடையன். ஆமாம் என்று கண்ணை மூடுகிறான் இன்னொரு மடையன். வெட்டிவிட்டால் முடிவு போய்விடுமாம்! எல்லார் வயிற்றிலும் பாலோடு சேர்ந்து இறங்கிய முடிவு அது.

அவர்களைத் தடுக்க என்னால் முடியும். ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது வேறு: "அருமையான தேர்வு சார்." மனசுக்குள் சீட்டியடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் இரண்டு அறை, ஒரு சமையலறை. அண்ணன், அண்ணி, நான். அண்ணன் லாரியில் சரக்கு ஏற்றுகிற வேலையில் முதுகை ஒடித்துக்கொண்டு படுத்த படுக்கையாக இருந்தான். மெத்தையில் படுக்கவே கூடாது, பலகையில்தான் படுக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெண்டாட்டி ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறாள், புருஷன் பலகையில் கிடக்கிறான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். என் சம்பளம் வீட்டு வாடகைக்குச் சரியாகப் போகும். அடுப்பு எரிந்தது, அண்ணனுக்கு மருந்து வந்தது எல்லாம் அண்ணியின் சம்பளத்தில். அது நின்றால் எங்களுக்கு வேறு வழியே இல்லை.

அண்ணிக்கும் எனக்கும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றுதான்: எங்கள் இருவருக்கும் யாரையும் பிடிக்காது. கல்யாணமாகி வந்த புதிதில் என்னையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

பஞ்சு வந்ததையும் சிங்கக் கதையையும் அவளிடம் நடித்தே காட்டினேன். பஞ்சு திண்டை அழுத்தியதைச் செய்தேன், கோணம் கண்ணை மூடியதைச் செய்தேன். அண்ணன் பலகையில் கிடந்தபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. விரல் நுனிகளில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"பிரிவுக்கு ஒருத்தர்னா, எங்க தையல் பிரிவுல முதல்ல யாராம்?"

"அவங்களே பேசி முன்வரணுமாம்."

"அப்ப நான்தான்."

"நீங்க எப்படி அண்ணி? மூலை திருப்பறதுல உங்கள மாதிரி ஆளே இல்லன்னு நீங்களே பீத்திப்பீங்களே."

அண்ணியின் வேலை, மெத்தையைச் சுற்றி விளிம்பில் நாடா வைத்துத் தைத்து மூடுவது. நேராகப் போகிற வரைக்கும் யாரும் தைப்பார்கள். நாலு மூலையிலும் நாடா மடங்காமல், சுருங்காமல் மெஷினைத் திருப்புவதில்தான் விஷயம் இருக்கிறது.

"மூலையை மெத்தை வாங்கறவனே பாக்கமாட்டான். இவங்களா பாக்கப் போறாங்க? கடைசியா சேந்தவ நான். வாயும் கொஞ்சம் நீளம். பெரியக்கா இருபது வருஷ ஆளு, அவங்கள யாரும் தொடமாட்டாங்க. மிச்சம் நெட்டை. அவ கைக்குழந்தைக்காரி, பாவம்னு விட்டுருவாங்க. நான் பாவம்னு யாருக்கும் தோணாது."

"அட, அந்த அளவுக்குப் போகாது அண்ணி. பாதியில கதையை நிறுத்தினதும் மொத்தக் கூட்டமும் முயல் எங்கன்னு கத்தும் பாருங்க. பஞ்சு மூஞ்சி போற போக்கப் பாக்க நானே முதல் வரிசையில உக்காரப் போறேன். அவன் அசிங்கப்பட்டு நிப்பான்."

"அவன் அசிங்கப்பட்டா எனக்குச் சம்பளம் வருமா?" என்றாள் அண்ணி.

நான் எழுந்து போய்த் தட்டு கழுவினேன்.

பட்டறை நடந்தது தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில். நீள மேஜைகள், கழுவிய பிறகும் போகாத எண்ணெய்ப் பிசுக்கு, மேலே நுரைத்தூள் படிந்த மின்விசிறிகள். மேஜைக்கு ஒரு பிரிவாக உட்கார வைத்திருந்தார்கள்: நுரை வெட்டுகிறவர்கள், துணி மடிப்பவர்கள், ஸ்பிரிங் பின்னுகிறவர்கள், தையல், உறை போடுகிறவர்கள், வண்டியில் ஏற்றுகிறவர்கள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு குவியல் அட்டை முகமூடி. மான், பன்றி, எருமை, நரி, முயல். முயல் முகமூடியைப் பெட்டியில் போட்டது நான்தான். பஞ்சு கேட்டால், காடு என்றால் முயல் இல்லாமலா என்று சொல்லத் தயாராக இருந்தேன். ஓரத்தில் காமிரா ஒன்று கால் விரித்து நின்றது. கம்பெனி ஞாபகார்த்தத்துக்கு என்றார் பஞ்சு.

கோணம் மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே, நேரா சொன்னா உண்மை சுடும். கதைக்குள்ள வச்சாதான் உண்மையைச் சொல்ல முடியும். இன்னிக்கு இங்க ஒரே ஒரு விதி. யார் கதை சொன்னாலும் 'நான்'னு சொல்லணும். அந்த மிருகமாவே மாறணும்." அப்புறம் சிங்க முகமூடியை மாட்டிக்கொண்டார். "நான் ஒரு சிங்கம். என் பசியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தக் காட்டின் பாரம் முழுக்க என் பிடரியில். என் தனிமையை யார் அறிவார்?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இங்கே ஓநாய்க்கு மைக்கும் கொடுத்து, அது அழ வசனமும் எழுதிக் கொடுத்திருந்தேன். வசனம் நன்றாகவே வந்திருந்தது. சிங்கத்தின் பெருமூச்சு, மிருகங்களின் கூட்டம், முறை வைத்துப் போவதாக எல்லாரும் ஒரு மனதாக ஒத்துக்கொள்வது. "அன்றிலிருந்து காட்டில் அமைதி நிலவியது," என்று சொல்லிக் கோணம் தலைகுனிந்தார்.

பஞ்சு திருப்தியாக ஒரு முறை தலையாட்டினார்.

வண்டியில் ஏற்றுகிற மேஜையிலிருந்து ஒரு முரட்டுக் குரல்: "முயல் எங்கய்யா?"

அவ்வளவுதான். கூடமே அதிர்ந்தது. "முயலைக் காணோம்!" "கிணத்தை மூடிட்டாங்களா?" "சார், சிங்கத்துக்கு நீச்சல் தெரியுமா?" மேஜையைத் தட்டுகிறார்கள், தட்டை அடிக்கிறார்கள். பஞ்சுவின் முகம் வெளிறி, சிவந்து, மறுபடி வெளிறியது. என் வாழ்நாளில் அவ்வளவு சுகமாக நான் சிரித்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தையல் மேஜையில் அண்ணியைத் தேடினேன். அவள் மான் முகமூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோணம் சும்மா ஆள் இல்லை. செருப்பால் அடித்தாலும் அதைச் செருப்பின் கோணத்தில் ரசிக்கிறவர். "அற்புதம்! இந்தத் துடிப்புதான் வேணும்!" என்று கத்தினார். "மேஜைக்கு ஒருத்தர் வாங்க. மிச்சக் கதையை உங்க கோணத்துல சொல்லுங்க. 'நான்'னு சொல்லணும், மறக்காதீங்க."

வந்தார்கள். நுரை வெட்டுகிறவன் வந்து, "நான்தான் முயல்," என்று ஆரம்பித்தான். சிங்கத்தை எப்படி ஏமாற்றினான் என்று பஞ்சுவின் நடையை நடந்து காட்டினான். கூட்டம் சிரித்துச் சிரித்து உருண்டது. அடுத்தவள் வந்தாள், அவளும் முயல். ஸ்பிரிங் பின்னுகிறவன் முயல். உறை போடுகிறவன் முயல், அவன் கிணற்றுக்கு மூடியே செய்து வைத்திருந்தான். ஏற்றுகிறவனும் முயல்தான். அட்டை முகமூடி ஒவ்வொரு கையாக மாறிக் காது மடங்கிப்போயிற்று. ஒரு ஆள்கூட வேறு முகமூடியைத் தொடவில்லை.

முதலில் எனக்குக் குஷியாகத்தான் இருந்தது. மூன்றாவது முயலில் பஞ்சுவைப் பார்த்தேன். வெளிறிய முகம் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. நாலாவது முயலில் அவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரிக்காமல் என்ன? சிங்கம் ஐந்து தடவை கிணற்றில் விழுந்தாயிற்று. எல்லாரும் வயிறு நிறையச் சிரித்தாயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பிரிவுக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான். கதைக் கிணற்றில் விழுந்த சிங்கத்துக்கு மயிர்கூட நனையவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் யோசனை கிணறு வரைக்கும்தான் போயிருந்தது. இத்தனை பேரை மடையர்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு இவ்வளவுதான் புத்தி.

கடைசியாகத் தையல் மேஜை. பெரியக்கா அசையவில்லை. நெட்டை தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணி எழுந்து வந்தாள், மான் முகமூடியோடு.

"நான் மான்," என்றாள். மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை. அவள் குரலுக்கு மைக் தேவையில்லை. "முயலுக்கு முந்தின நாள் போன மான்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள்.

"காலையில கிளம்பினேன். எல்லாரும் மரத்தடியில நின்னு வழியனுப்பினாங்க. முயலும் நின்னுச்சு. பழக்க தோஷத்துல 'போயிட்டு வா'ன்னு சொல்லிருச்சு. அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கிச்சு. நானும் 'வரேன்'னுதான் சொன்னேன். வேற என்ன சொல்றது?

"போற வழியிலதான் அந்தக் கிணறு. அன்னிக்கும் அங்கதான் இருந்துச்சு. தண்ணியும் இருந்துச்சு. முயலுக்கு மூளையும் அன்னிக்கே இருந்துச்சு. மறுநாள் புதுசா எதுவும் வரல. முயலோட முறை மட்டும்தான் வந்துச்சு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாதானே தெரியும்? அந்த யோசனையை ஒரு நாள் முன்னாடி யோசிச்சிருந்தா நான் இருந்திருப்பேன். அதுக்கும் ஒரு நாள் முன்னாடின்னா பன்னியும் இருந்திருக்கும்.

"முயல் மேல எனக்குக் கோவம் இல்ல. பன்னி போனப்ப நானும் மரத்தடியிலதான் நின்னேன். அது தலை மறைஞ்சதும் புல்லு மேயப் போயிட்டேன். எருமை போன அன்னிக்கும் மேஞ்சேன். கதை சொல்றவங்க யாரும் எங்க பேரைச் சொல்றதில்ல. 'தினம் ஒண்ணு போச்சு'ன்னு ஒரே வரியில தாண்டிட்டு முயலுக்கு வந்துருவாங்க. நீங்களும் அப்படித்தான் வந்தீங்க. இங்க எல்லா டேபிள்லயும் முயல். சரி, எல்லாரும் முயல்னா அப்ப போனது யாரு? நான்தான் போனேன்."

முடித்துவிட்டு அங்கேயே நின்றாள். நுரை வெட்டுகிறவன் முயல் முகமூடியை மேஜைக்கு அடியில் நகர்த்தினான். என் அண்ணி, என் அண்ணி என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. இனி எந்த மேஜையும் எந்தப் பெயரும் கொடுக்காது என்று நினைத்தேன்.

பஞ்சு எழுந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். சத்தியமாக ஈரமாகத்தான் இருந்தது அந்தக் கண். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஞ்சிலும் பஞ்சாகச் சொன்னார்:

"'நான்தான் போனேன்.' இந்த மனசு யாருக்கு வரும்? மத்தவங்க மேல கோவமே இல்லன்னு சொன்னாங்க பாருங்க, அங்க நான் உடைஞ்சுட்டேன். தையல் பிரிவிலேர்ந்து முதல் ஆளா முன்வந்திருக்கிற இந்தச் சகோதரிக்கு எல்லாரும் நம்ம நன்றியைக் காட்டுவோம்."

ஒரு நொடி யாருக்கும் விளங்கவில்லை. அடுத்த நொடி விளங்கிவிட்டது. முதலில் தட்டியவன் நுரை வெட்டுகிறவன். அப்புறம் ஸ்பிரிங் மேஜை, அப்புறம் உறை மேஜை. கூடம் முழுக்கக் கைதட்டல். அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன். பாராட்டும் இல்லை, கிண்டலும் இல்லை. ஒன்று குறைந்தது என்கிற நிம்மதியில் தட்டினார்கள். பெரியக்கா கடைசியில் தட்டினாள், மெதுவாக. நெட்டை தலையைக் குனிந்தபடி தட்டினாள்.

"அது கதை சார்!" என்று நான் கத்தினேன். நாற்காலி பின்னால் விழுந்தது. "அவங்க முன்வரல! கதை சொன்னாங்க!"

"கதைதாம்மா," என்றார் பஞ்சு. "கதைக்குள்ள வச்சாதான் உண்மையைச் சொல்ல முடியும்னு உங்க சார்தானே காலையில சொன்னாரு? எல்லாம் பதிவாயிருக்கு." காமிராவைப் பார்த்து லேசாகக் கை காட்டினார்.

கோணம் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறினேன்.

அண்ணி பதறவில்லை. "நான் முன்வரல சார்," என்றாள். "'நான்'னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். என் பிரிவு ஆளுங்களைக் கேளுங்க. நான் அப்படிச் சொல்லலன்னு அவங்க சொல்லுவாங்க."

பஞ்சு தையல் மேஜைப் பக்கம் திரும்பினார். ஒரு மிருகத்தனமும் இல்லாத முகம். "கேக்கறேன். தாராளமா கேக்கறேன். இவங்க இருக்கட்டும்னா, இவங்களுக்குப் பதிலா உங்கள்ல யார் வர்றீங்க?"

பெரியக்கா மேஜையில் இருந்த எண்ணெய்க் கறையை நகத்தால் சுரண்டினாள். நெட்டை அண்ணியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அண்ணி காத்திருந்தாள். அவள் யாரிடமும் எதையும் எதிர்பார்த்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எதிர்பார்த்தாள். முகமூடியை நெற்றிக்கு மேல் ஏற்றி மாட்டியிருந்தாள், அந்த முகம் நன்றாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை, நிற்கவே இல்லை.

"யாரும் இல்லையா?" என்றார் பஞ்சு. "சரி. சாப்பிடப் போகலாம்."

வராந்தாவில் கோணம் என் பின்னாலேயே ஓடி வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "மானோட கோணம்! முந்தின நாள் போன மான்! இத்தனை வருஷமா நமக்குத் தோணலையே! இதை உடனே எழுதிக் குடு. அடுத்த வாரம் சிமெண்ட் கம்பெனிக்கு இதையே வச்சுக்கலாம்."

"நீங்களே எழுதிக்குங்க சார். நான் வேலையை விட்டுட்டேன்."

"உணர்ச்சிவசப்படாதே. இதையே கொஞ்சம் என் கோணத்துலேர்ந்து பாரு..."

"உங்க கோணத்துலேர்ந்து நான் தெரியாத இடமா பாத்துப் போறேன்," என்றேன். வாடகை என்ன ஆகும் என்று அப்போது நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த மூஞ்சியை இன்னொரு நாள் பார்க்க என்னால் ஆகாது.

அண்ணி தொழிற்சாலை வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. மதியத்துக்கு மேல் உள்ளே வர வேண்டாம் என்று அதற்குள் சொல்லிவிட்டார்களாம், ரொம்ப மரியாதையாக. வெயில் தார்ச்சாலையில் காய்ந்துகொண்டிருந்தது. மெத்தை ஏற்றிய வண்டி ஒன்று எங்களைத் தாண்டி வெளியே போயிற்று. பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கடுக்காக மூலைகள் தெரிந்தன. அண்ணி அவற்றையே பார்த்தாள்.

"இதுல ரெண்டாவது என்னுது இல்ல," என்றாள். "மடிஞ்சிருக்கு பாரு."

"அண்ணி, நானும் விட்டுட்டேன்."

"பைத்தியமா உனக்கு? உன் அண்ணனுக்கு யார் பதில் சொல்றது?" என்று திட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது நெட்டை ஓடி வந்தாள். அண்ணியின் சாப்பாட்டு டப்பாவும், நூல் வெட்டுகிற கத்தரியும் கையில். மூச்சு வாங்கியது. டப்பாவை நீட்டினாள், ஆனால் விடவில்லை. இரண்டு பேர் கையிலும் டப்பா இருந்தது.

"அக்கா, நான் சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். சத்தியமா அக்கா. குழந்தை ஞாபகம் வந்துருச்சு."

"தெரியும்."

"உங்ககிட்டதானே மூலை திருப்பக் கத்துக்கிட்டேன். உங்களுக்குப் போயி..." மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். அண்ணி ஏதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றாள் போலிருக்கிறது. திட்டினால் அவளுக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அண்ணி திட்டவில்லை. கத்தரியை வாங்கி, சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்துக் கைப்பையில் வைத்தாள்.

நெட்டை போகாமல் நின்றாள். கடைசியில் உண்மையில் எதைக் கேட்க ஓடி வந்தாளோ அதைக் கேட்டாள்.

"அக்கா, அடுத்த மாசம் என் முறைன்னு சொல்லிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?"

அண்ணி அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த நூல் பிசிறை எடுத்துக் கீழே போட்டாள்.

"பயப்படாதே," என்றாள். "உனக்கும் நல்லாக் கைதட்டுவாங்க."